கழுகு நிரப்பிய படிவங்கள்

பேருந்துப் பணிமனைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயரும் ஊழியர் எண்ணும் இருந்தன. ஆனால் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளைக் கழுகு என்றுதான் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னது கொஞ்ச நாளில் முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. "கழுகம்மா, இன்னிக்கு எந்த ரூட்டு?" என்று கேட்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. டிக்கெட் பரிசோதகருக்கு இதைவிட நல்ல பட்டம் கிடைக்காது என்பது அவள் எண்ணம்.

வண்டியில் ஏறினால் முதலில் டிக்கெட்டைப் பார்க்கமாட்டாள், ஆளைப் பார்ப்பாள். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். "அதெல்லாம் இல்ல. அவன் நம்மள நேரா பாப்பான், சிரிக்கக்கூட சிரிப்பான். டிக்கெட் வச்சிருக்கிறவன்தான் எரிச்சலா மூஞ்சியத் திருப்பிக்குவான்" என்பாள். சந்தேகம் வந்துவிட்டால் இரண்டு கேள்வி கேட்பாள். எங்கே ஏறினீர்கள் என்பது ஒன்று. நாலு இருக்கை தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்து, நீங்கள் ஏறியபோது உட்கார இடம் இருந்ததா என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான். சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வரும். பொய் சொன்னவன் இரண்டாவதில் மாட்டுவான்.

முப்பத்தொன்பது வயதில் அவளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. ஏன் என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிலருக்கு அப்படித்தான் என்றார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் வாங்கி வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள். வேலைக்குப் போட்டுப் போனால் பயணிகள் தன்னையல்லவா ஆராய்வார்கள்! உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். கண்தான் எப்போதும் கூர்மையாயிற்றே, ஐந்து வருடம் ஒருவருக்கும் தெரியாமல் சமாளித்தாள். பிறகு ஒரு மழைநாளில், டிக்கெட் முன் இருக்கையில் இருக்கும் மனைவியின் பையில் இருக்கிறது என்று மூன்று தரம் சொன்ன ஒரு பெரியவரை நடுவழியில் இறக்கிவிட்டாள். அவர் குனிந்து குடையைத் தேடிக்கொண்டே சொன்னதால் உதடு தெரியவில்லை. புகார் வந்தது. விசாரணையில் மேலாளர் ஒன்று கேட்க, இவள் வேறொன்றுக்குப் பதில் சொன்னாள். அறையில் இருந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு கதை முடிந்தது.

அவளைத் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றினார்கள். பணிமனையின் கடைசியில், டயர் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு நீள அறை. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், யாரோ கைக்குட்டையில் பொதிந்து வைத்து மறந்துபோன ஒரு செட்டுப் பல். நாளுக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். பொருளின் அடையாளத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்வாள், சரிபார்த்துக் கொடுப்பாள். மீதி நேரமெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நாளில் வீட்டில் போட்ட மிஷினும் பயன்படாமல் போயிற்று. காது காலிசெய்துவிட்டுப் போன இடத்தில் சந்தேகம் குடிவந்தது. இரண்டு மெக்கானிக்குகள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான். நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டால் கைக்குப் பின்னால் ஏதோ சொல்கிறாள். வெளியூரில் நர்ஸாக வேலைபார்க்கும் மகள் வீடியோவில் பேசும்போது முகத்தைத் திருப்பினால், அப்பாவிடம் ஜாடை காட்டுகிறாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான, பேச்சு குறைந்த மனிதர். அவரைப் பற்றி மட்டும் பெரிதாகச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்காததே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

மகள்தான் விடாமல் நச்சரித்து, காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சைக்கு அவளைச் சம்மதிக்க வைத்தாள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சிறு தகட்டை வைத்து, அதிலிருந்து மயிரிழை போன்ற கம்பியை உள்காதுக்குள் செலுத்துவார்கள். வெளியே காதில் மாட்டும் கருவி சத்தத்தை வாங்கி, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வில்லை வழியாக உள்ளே அனுப்பும். செத்துப்போன காதைத் தாண்டி நேராக நரம்புக்கே சத்தத்தைக் கொண்டுபோகும் ஏற்பாடு.

அறுவைக்கு முன்னால், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒரு படிவத்தை நீட்டினாள். மெலிந்த இளம்பெண், முகத்தில் எப்போதும் ஒரு தூக்கக் கலக்கம். தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: 'உங்கள் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு.'

கழுகு அதை இரண்டு தரம் படித்தாள். இரத்தத்தை அளக்கலாம், சர்க்கரையை அளக்கலாம். வாழ்க்கையை எதில் ஊற்றி அளப்பார்கள்?

அறுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்: இல்லவே இல்லை, அரிதாக, சில நேரம், அடிக்கடி, எப்போதும். கதவு மணி கேட்கிறதா? பின்னால் யாராவது நடந்து வந்தால் தெரிகிறதா? இதுவரை சரிதான். பல பேர் கூடும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா? உங்கள் குறையால் குடும்பத்தாரோடு மனத்தாங்கல் வருகிறதா? இதெல்லாம் காது டாக்டருக்கு எதற்கு?

எதற்கோ. நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால், இவளுக்கு எதற்கு அறுவை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள். முக்கால்வாசிக் கேள்விகளில் இருப்பதிலேயே மோசமான கட்டத்தைப் பார்த்து டிக் அடித்தாள். நூற்றுக்குப் பதினெட்டு வந்தது.

காயம் ஆறி, நாலு வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். ஆடியாலஜிஸ்டின் வாய் அசைந்தது. தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்தது. அது பேச்சு என்று புரிய அரை நிமிடம் ஆயிற்று. கணவர் ஏதோ சொன்னார். அதே தகரம், அதே ஆணி. "இது இவர் குரல் இல்லையே" என்றாள் சத்தமாக. தனக்கு வேறு யாருக்கோ வைத்திருந்த பழைய கருவியை மாட்டிவிட்டார்களோ என்று பெட்டியின் எண்ணையும் கருவியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பெட்டியில் உபரியாக இன்னொரு கருவியும் இருந்தது. ஒன்று போதுமென்றால் இரண்டு எதற்கு? இது கெட்டுப்போகும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது!

ஆனால் மூளை பொல்லாதது. வாரம் போகப் போகத் தகரம் மெல்லக் குறைந்தது. குழாய்த் தண்ணீர் தண்ணீராகக் கேட்டது. கணவரின் குரல் ஒரு காலையில் சட்டென்று கணவரின் குரலாகிவிட்டது. "தேங்கா எண்ணெ" மாதிரி ஏதோ கேட்டுத் திரும்பினாள். "நேரம் என்னன்னேன்" என்றார் அவர். அவள் சிரித்தாள். அமைதியான அறையில், ஒருவர் முகம் பார்த்துப் பேசினால், முக்கால்வாசி புரிந்தது.

நாலு பேர் சேர்ந்து பேசினால் மட்டும் எல்லாம் கூழாகிவிடும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் படிவம் மறுபடி வந்தபோது அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. மறுபடி ரூட்டில் ஏற வேண்டும். மருத்துவமனையும் போக்குவரத்து அலுவலகமும் ஒன்றுக்குள் ஒன்றுதான், இந்தத் தாள் அங்கே போகாமலா இருக்கும்?

"இது உங்க ஆபீசுக்கெல்லாம் போகாதும்மா. ஆராய்ச்சிக்கு மட்டும்தான்" என்றாள் ஆடியாலஜிஸ்ட்.

"ம்" என்றாள் கழுகு. டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்பவனிடமும் இப்படித்தான் "ம்" சொல்வாள்.

படிவத்தை இந்தத் தரம் நிதானமாகப் படித்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஏழாவது கேள்வி: கூட்டத்தில் பேச்சைத் தொடர முடிகிறதா? முப்பத்தோராவது கேள்வி: பலர் பேசும்போது ஒதுங்கிப்போய்விடுகிறீர்களா? ஒரே கேள்வி, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது! அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ கெட்டிக்காரர்தான் இதைத் தயாரித்திருக்கிறார். அப்படிப் பதினோரு ஜோடிகளைப் பொறுக்கியெடுத்து, ஒன்றில் 'எப்போதும்' என்றால் மற்றதில் 'இல்லவே இல்லை' என்று, பிசிறு தட்டாமல் டிக் அடித்தாள். தொண்ணூற்று மூன்று வந்தது. ஆறாம் மாதமும் அதே தொண்ணூற்று மூன்று. பெரிய டாக்டர் அவளுடைய வரைபடத்தை ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டியதாக ஆடியாலஜிஸ்ட் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இல்லை. "இவ்வளவு சுத்தமான ஃபார்ம் நான் பாத்ததே இல்லம்மா" என்றாள். கழுகு நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

ஆறாம் மாதத்தில்தான் வேறொரு படிவமும் வந்தது. குடும்பத்தில் ஒருவர் நிரப்ப வேண்டியது. கணவர் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"குடுங்க, நானே போட்டுடறேன். நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

"நான்தான் போடணுமாம்மா. மேல எழுதியிருக்கு."

வீட்டில் அவர் அதை மேஜையில் வைத்து நிரப்புவார் என்று காத்திருந்தாள். வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கேட்டதற்கு, "போடறேன், போடறேன்" என்றார். கருவிப் பைக்குள் அது போவதை அவள் பார்த்தாள். ஸ்குரூடிரைவர் வைக்கிற பையில் ஒரு மனிதன் காகிதத்தை வைத்தால், அது மனைவி கண்ணில் படக்கூடாது என்றுதானே அர்த்தம்?

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சமையலறையில் இருக்கும்போது பின்பக்க பால்கனியிலிருந்து முணுமுணுவென்று குரல் வரும். வார்த்தை பிடிபடாது, ஆனால் அவர் குரல்தான். இவள் எட்டிப்பார்த்ததும் நின்றுவிடும்.

"யாருங்க?"

"யாரும் இல்லையே."

"பேசிட்டிருந்தீங்களே."

"ஒண்ணுமில்லம்மா, சும்மா."

சும்மா! அவர் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் வந்த அழைப்பும் இல்லை, போன அழைப்பும் இல்லை. அப்படியென்றால் அழித்துவிடுகிறார். காது கேட்காத ஏழெட்டு வருடம் இந்த மனிதர் யாரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தாரோ, தன் முதுகுக்குப் பின்னாலேயே! பேச்சு குறைந்த மனிதர் என்று நினைத்திருந்தாளே, அது தனக்குக் கேட்காததால்தானோ?

அவள் கேள்விகளைக் கூட்டினாள். வேலைவிட்டு வந்ததும் எந்தக் கட்டடம், யாரோடு சாப்பிட்டீர்கள் என்பாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது, அந்தக் கட்டடத்தில் இன்று ஆறாவது மாடி வேலை செய்ததா என்பாள். அவர் பதில் சொல்லும்போது தரையைப் பார்த்தார். இவள் மனசுக்குள் ஒரு டிக் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பொறி வைத்தாள். உபரிக் கருவியை எடுத்து, கூடத்து மேஜையில் பச்சை விளக்கு எரியும்படி சார்ஜில் போட்டாள். "பேட்டரி சுத்தமா போயிடுச்சுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு எனக்கு ஒண்ணும் கேக்காது" என்று, காது கேட்காதவர்கள் பேசும் அந்தக் கொஞ்சம் உரத்த குரலில் சொன்னாள். நிஜக் கருவி தலையில்தான் இருந்தது. முடியைத் தளர்த்தி அதன்மேல் விட்டிருந்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சீருடைச் சட்டைகளை இஸ்திரி போட நின்றாள்.

பால்கனிக்குப் போவார், போன் எடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் போகவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். அது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது.

"அந்த நீலக் கோப்பையைத் தேடிட்டிருந்தல்ல" என்றார். "நான்தான் உடைச்சேன். பேப்பர்ல சுத்திக் குப்பையில போட்டுட்டேன்."

கழுகு காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டையைத் திருப்பி முதுகுப் பக்கத்தை விரித்தாள். யாரிடம் பேசுகிறார்? அறையில் வேறு யாரும் இல்லை.

"ரொம்ப நாளாச்சும்மா உன்கிட்ட இப்படிப் பேசி. காது கேக்காதப்ப எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமா? நீ தேச்சிட்டிருப்ப, நான் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கொட்டுவேன். சூப்பர்வைசர் திட்டினது, முட்டி வலி, எல்லாம். எங்கம்மா போய்ச் சேந்த வாரம் உன் முதுகைப் பாத்துதான் அழுதேன். நீ திரும்பல. நீ திரும்பாததும் நல்லதாத்தான் இருந்துச்சு, ஆறுதல் சொல்ல வந்திருந்தா என்னால அழுதிருக்க முடியாது."

ஆவி இஸ்ஸென்று சீறியது. அவர் தொடர்ந்தார்.

"இப்ப உனக்குக் கேக்குது. சந்தோஷம்தான். ஆனா வாயைத் திறந்தா யாரு, என்ன, எப்போன்னு நிக்கவச்சுக் கேக்குற. என் வீட்டுலயே டிக்கெட் இல்லாம ஏறினவன் மாதிரி ஆயிட்டேன். பால்கனியில போய் அந்தக் கம்பிகிட்ட பேசிட்டிருக்கேன், பைத்தியம் மாதிரி. அந்த ஃபார்ம்ல கேக்குறான், கருவி வச்ச பிறகு உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு கூடியிருக்கான்னு. நான் என்னன்னு எழுதுவேன் சொல்லு. ஐயோ, சட்டை! சட்டை கருகுது!"

அவள் இஸ்திரிப் பெட்டியைச் சட்டென்று தூக்கினாள்.

தூக்கிய பிறகுதான் தான் செய்தது புரிந்தது. சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம். அறையில் கருகல் வாசனை. அவர் எழுந்து நிற்பது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"கேக்குதா உனக்கு?"

இருபது வருடம் அடுத்தவரைப் பிடித்தவள் திரும்பி நின்றாள். "ம்" என்றாள்.

அவர் மேஜைமேல் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தார். "அப்ப அது?"

"உபரி."

அவர் போய்ச் சார்ஜரின் சுவிட்சை அணைத்தார். பிறகு, "என்னையே செக் பண்ணியிருக்க" என்று மட்டும் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். படிகளில் அவர் காலடி ஒவ்வொன்றாக இறங்கியது அவளுக்குக் கேட்டது.

வெட்கப்பட வேண்டிய நேரம்தான். வெட்கப்பட்டாள். ஆனாலும் பழக்கம் விடுமா? ஐந்து நிமிடத்தில் கருவிப் பையைத் திறந்துவிட்டாள். கிரீஸ் துணிக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் படிவம் இருந்தது. பென்சிலால் நிரப்பியிருந்தார். வாசிக்க வாசிக்க அவளுக்குக் காது சுட்டது.

பலர் பேசும் இடத்தில் நோயாளியால் பேச்சைப் புரிந்துகொள்ள முடிகிறதா? இல்லவே இல்லை. புரியாவிட்டாலும் புரிந்ததுபோல நடந்துகொள்கிறாரா? எப்போதும். மற்றவர்களை நம்புவதில் சிரமம் இருக்கிறதா? அந்த வரியில் மூன்று கட்டத்தில் டிக் போட்டு, மூன்றையும் அழித்திருந்தார். இரண்டு பேருக்கும் இடையிலான பேச்சைப் பற்றிய கேள்வி காலியாக இருந்தது.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாத்தனார் வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்து பேசும்போது, எல்லோரும் சிரித்த பிறகு இவள் சிரிப்பதை அவர் கவனித்திருக்கிறார். அவள் வண்டி வண்டியாக ஆட்களைக் கவனித்த காலமெல்லாம், ஒருவர் அவளையும் கவனித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் திரும்பி வந்தபோது படிவம் மேஜைமேல் இருந்தது. ஒளித்து வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"ஏன் குடுக்கல?" என்று கேட்டாள்.

"குடுத்தா நீ எழுதினதெல்லாம் பொய்யாயிடும். இந்தத் தாள் ஆபீசுக்குப் போகும், மறுபடி ரூட்டுல போடுவாங்கன்னு நீதான சொன்ன? என் கையால அதைக் கெடுக்கச் சொல்றியா? அதுக்காகப் பொய் எழுதவும் வரல. அதான் பையில வச்சேன்."

அவள் தலையைக் குனிந்தாள். குனிந்த தலைக்குள்ளும் ஒரு சந்தேகம் வாலை ஆட்டியது. "எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சேதான் அதெல்லாம் பேசினீங்களா?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில் முதலில் கோபம் இருந்தது. பிறகு உதடு கோணியது. "தெரிஞ்சா கோப்பை விஷயத்தைச் சொல்லியிருப்பேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாலு நாள் வீட்டில் சாப்பாடு, சாவி, தண்ணீர் என்று மூன்று சொற்கள்தான் நடமாடின.

ஐந்தாம் நாள் அவள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் தனியாகப் போனாள். ஆடியாலஜிஸ்ட் ஒரு நோயாளியை அனுப்பிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேற ஃபார்ம் குடுங்க."

"எதுக்கும்மா? பன்னெண்டாம் மாசம்தான் அடுத்தது."

"முன்னாடி குடுத்ததெல்லாம் பொய்."

அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். ஆச்சரியப்படவில்லை. "எல்லாமேவா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி குடுத்ததும். அப்ப மோசமா காட்டினேன். அப்புறம் நல்லா காட்டினேன்." கழுகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அந்த ரெட்டைக் கேள்வியை யார் போட்டது?"

"எந்த ரெட்டைக் கேள்வி?"

"ஏழும் முப்பத்தொண்ணும். ஆளைப் பிடிக்கத்தான போட்டிருக்கு?"

ஆடியாலஜிஸ்ட் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "அதைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதாம்மா. அது ஆளைப் பிடிக்க இல்ல. படிக்காம ஒரே வரிசையில டிக் போட்டுட்டுப் போறவங்களைத் தெரிஞ்சுக்க."

"எல்லாம் ஒண்ணுதான்."

புதுப் படிவத்தை நிரப்ப ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பொய் எழுதியபோது அதில் பாதிகூட ஆகவில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் யாராவது ஒருவர் வந்து நின்றார்கள். குடும்பத்தாரோடு மனத்தாங்கல் வருகிறதா என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. 'அடிக்கடி' என்று போட்டாள். உங்களால் வருகிறதா, அவர்களால் வருகிறதா என்று கேள்வியில் பிரிக்கவில்லை. அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டாள். அறுபத்தொன்று வந்தது. தாளைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பின்னால் யாராவது திருத்தினால் தெரிய வேண்டுமே.

"கூட்டத்துல ஒண்ணுமே புரியறதில்லைன்னு ஆறு மாசமா ஏன் சொல்லலம்மா?" ஆடியாலஜிஸ்டின் குரலில் இப்போது நிஜமான கோபம் இருந்தது. "எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதால நான் கருவியோட அமைப்பைத் தொடவே இல்ல. சத்தத்துக்கு நடுவுல பேச்சைப் பிரிச்சுக் குடுக்க இதுலயே வழி இருக்கு. முழுசா சரியாகாது, ஆனா இவ்வளவு மோசமா இருக்க வேண்டியதில்ல."

கம்ப்யூட்டரில் கருவியை இணைத்து, பீப் பீப்பென்று ஒவ்வொரு ஒலியாக அனுப்பித் திருத்தினாள். இரண்டு மணி நேரம் பிடித்தது. எதிரே இருப்பவரின் சட்டையில் மாட்டும் சிறு மைக் ஒன்றையும் கொடுத்தாள். வீட்டில் ரேடியோவை ஓடவிட்டுப் பேசிப் பழகச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். "யாராவது ஒருத்தர் தினம் கூட உக்காந்து பேசணும்மா."

ரேடியோவைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நாலு நாளாக மூன்று சொல்தான் பேசுகிறார். அன்று மாலை அவள் மைக்கைக் கணவர் முன் வைத்தாள். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"பேசுங்க. எதை வேணா. நான் கேள்வி கேக்கமாட்டேன்."

"உன்னால முடியாது."

"முடியாதுதான். பத்து நிமிஷம் முயற்சி பண்றேன்."

முதல் நாள் அவர் லிஃப்ட் கயிற்றைப் பற்றிப் பேசினார். முறுக்கு, தடிமன், எத்தனை இழை அறுந்தால் மாற்ற வேண்டும். ரேடியோவில் யாரோ விவசாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி புரிந்தது. யாரோடு போய் மாற்றினீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். இரண்டாவது வாரம் அவர் சூப்பர்வைசரைத் திட்டினார். ஒரு மாதம் கழித்து, எதிர்பாராமல், தன் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் என்ன கேட்டாள் என்று சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொன்னார். தண்ணீர் கேட்டாள் என்பது கழுகின் காதில் தண்டனை கேட்டாள் என்று விழ, அவர் மறுபடி சொல்லவேண்டி வந்தது. இரண்டாம் தரம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அதுவும் கேட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில மாலைகளில் அவர் இன்னமும் பால்கனிக் கம்பியிடம் போய் முணுமுணுத்தார். அவள் எட்டிப்பார்ப்பாள், பிறகு தலையை இழுத்துக்கொள்வாள். ஒருமுறை மட்டும் சுவரோரமாகப் போய் நின்று கேட்டாள். கால்பந்து முடிவைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

படிவம் எதுவும் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகவேயில்லை. அதை அவள் தெரிந்துகொண்டது, தானே மனு எழுதி மேலாளரிடம் கொடுத்தபோதுதான். "உங்க காது விஷயமா ஆஸ்பத்திரியில இருந்து எங்களுக்கு ஒரு தாளும் வந்ததில்லையே" என்றார் அவர். ஒரு வாரம் சோதனைக்காக வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடுகிற வண்டியில் இன்ஜின் இரைச்சல் எல்லாவற்றையும் தின்றது. பழைய கழுகாக இருந்திருந்தால் சமாளித்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள். வாரக் கடைசியில் மேலாளரிடம் போய், "வண்டிக்குள்ள முடியல சார். இறங்குற இடத்துல நிறுத்துங்க, அங்க முடியும்" என்றாள். கடைசி நிறுத்தத்தில், திறந்த வெளியில், ஒவ்வொருவராக இறங்கும் வாசலில் நிறுத்தினார்கள். முதல் நாளே மூன்று பேரைப் பிடித்தாள். நாலாவதாக நிறுத்திய ஒருவன், "டிக்கெட் என் பொண்டாட்டி பையில இருக்கு" என்றான். அவள் காத்திருந்தாள். நிஜமாகவே இருந்தது.

பன்னிரண்டாம் மாதம் கடைசிப் படிவத்தில் அறுபத்தாறு வந்தது. ஆடியாலஜிஸ்ட் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். பதினெட்டிலிருந்து தொண்ணூற்று மூன்றுக்குச் செங்குத்தாக ஏறி, அங்கே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மளமளவென்று சரிந்து, கடைசியில் துளி நிமிர்ந்த கோடு.

"பெரிய டாக்டர் கேட்டார், இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு, இப்படி மோசமாயிட்டாங்களேன்னு."

"பொய்யான மூணையும் எடுத்துடுங்களேன்."

"எடுக்க முடியாதும்மா. குடுத்தது குடுத்ததுதான். பக்கத்துல ஒரு குறிப்பு எழுதியிருக்கேன்."

கழுகு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேஜையின் ஓரத்தில் அடுக்கியிருந்த மற்றவர்களுடைய கோப்புகளைப் பார்த்தாள். நாற்பது, ஐம்பது இருக்கும்.

"இதுல என்ன மாதிரி எத்தனை பேரு?"

 ஆடியாலஜிஸ்டும் அந்த அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் தூக்கக் கலக்கம் இல்லை.

வெளியே வராந்தாவில் கணவர் காத்திருந்தார். மின்விசிறிகள் இரைந்தன, பக்கத்தில் யாரோ போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். "என்ன சொன்னாங்க?" என்றார். முதல் தரத்திலேயே புரிந்தது.

"நான் ரொம்ப மோசமாயிட்டேனாம்" என்றாள்.

அவர் சிரித்தார். எதற்காக அவ்வளவு சிரிக்கிறார் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்காமல் படியிறங்கினாள்.